மீசைக்காரன் நடுவில் நின்ற பனியன்

அமெரிக்காவில் ஏதோ ஒரு மூலையில் நாலு பையன்கள் சேர்ந்து பாட்டுப் பாடி, கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்து, அப்புறம் மேடையிலேயே கட்டிப் புரண்டு ஆளுக்கொரு திக்காகப் போனதற்கு, திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் சென்னிமலைதான் காரணம் என்று ஊர் சொல்கிறது, நானும் அதையேதான் சொல்கிறேன், அவர் ஒருத்தர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும். அதற்காகத் தாலி கட்டினவளிடம் ஒரு வார்த்தை பேசாமல், பட்டறையில் பாயைப் போட்டுக்கொண்டு, சாய வாசத்தில் கிடக்கிற மனுசனை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன், இதமாகக் கேட்க வேண்டும் என்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குழுவுக்குப் பேர் மேபிள் ஸ்ட்ரீட் லயர்ஸ். மேபிள் தெருப் பொய்யர்கள் என்று அர்த்தமாம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெள்ளைக்காரர்களோடு போனில் பேசுகிற கிருபாநிதி சொன்னான். பொய்யன் என்று தனக்குத்தானே பேர் வைத்துக்கொள்கிறவன் உருப்படுவானா என்று நான் அன்றைக்கே கேட்டேன். அவர்கள் கச்சேரி பண்ணுகிற இடங்களில் வாசலில் வைத்து விற்க, அவர்கள் படம் போட்ட பனியன் வேண்டுமென்று ஆர்டர் வந்தது. பனியனைத் தைப்பது கம்பெனி, அதன்மேல் படம் அடிப்பது எங்கள் பட்டறை. கிருபாநிதி படத்தின் ஃபிலிமைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் நாலு பேரும் இடுப்புவரை தெரிந்தார்கள். முன்னால் பெரிசாக நின்றவன் சுருட்டைமுடிக்காரன், பாடுகிறவன், வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் கிட்டார்க்காரன், இந்தப் பக்கம் பியானோக்காரன். எல்லோருக்கும் பின்னால், ஒரு மூலையில், பாதி இருட்டில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மீசைக்காரன் தெரிந்தான். அவன்தான் டிரம்ஸ் அடிப்பவன்.

இங்கேதான் எங்கள் ஊர் புத்தி வேலை செய்தது. எங்கள் பட்டறையில் அதுவரைக்கும் அடித்ததெல்லாம் கட்சி மாநாட்டுப் பனியன், நடிகர் மன்றத்துப் பனியன், தேர் நோம்பிக்கு வடம் பிடிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிற பனியன். அதிலெல்லாம் யார் நடுவில், யார் ஓரத்தில், யார் தலை யார் தோளுக்கு மேலே வருகிறது என்பதுதான் உயிர்; ஒரு தடவை ஒரு ஒன்றியச் செயலாளர் முகம் இன்னொரு ஒன்றியச் செயலாளர் முகத்தைவிட நகத்தளவு சிறிசாக விழுந்துவிட்டது என்று ஆள் திரட்டி வந்து பட்டறைக் கதவைப் பெயர்த்துப் போட்டார்கள். அதிலிருந்து எந்தப் படம் வந்தாலும் முதலில் இவர் அதில் கதாநாயகன் யார் என்றுதான் பார்ப்பார். இதையும் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மயிலா, வாயப் பொளந்துட்டு நிக்கறானே, இவன் சிரிப்பு நடிகன். மீசை வெச்சவன்தான் கதாநாயகன். வெள்ளக்காரன் தெரியாம மாத்திப் போட்டுட்டான்," என்றார்.

"அவிய அனுப்புனாப்புல அடிச்சுத் தாட்டியுடுங்க. நமக்கெதுக்குங்க அந்த வம்பு?" என்றேன்.

"ஒரு மனுசன மூலைல நிக்க வெச்சிருக்கறதப் பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றயா?" என்று கேட்டுவிட்டு, பிளேடை எடுத்து ஃபிலிமை வெட்டி, மீசைக்காரனை மட்டும் பெரிதாக்கி வேறு ஃபிலிம் போட்டுவந்து, அவனை நட்டநடுவில் ஒட்டி, பாடகனைத் தூக்கி அந்த இருட்டு மூலையில் செருகினார். இவருக்கு மேலே நாலு அண்ணன்மார். எந்தக் கல்யாணப் போட்டோவிலும் அவரை ஓரத்தில்தான் நிறுத்துவார்கள், பாதித் தோள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அந்த ஆங்காரம் அவருக்கு உள்ளே இருந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது கிறுக்கு என்றுதான் நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

வெட்டாத படத்தை அடித்த சாம்பிளை ஏற்கெனவே அனுப்பி, சரி என்று பதிலும் வந்திருந்ததால், மொத்தச் சரக்கில் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, பிசிறு வெட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் போட்டுக் கப்பலேற்றிவிட்டார்கள். கிருபாநிதி அந்த வாரம் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தான்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததையெல்லாம் பிற்பாடு அந்தப் பனியன்களே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாடகன் பேர் பிராண்டன், மீசைக்காரன் பேர் வெஸ்லி, இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு, கார் நிறுத்துகிற கொட்டகையில் டப்பாவைத் தட்டி ஆரம்பித்து, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீர் வற்றிப்போன நீச்சல் குளத்தைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டி, அந்தப் பாட்டு ரேடியோவில் ஏறி, ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போய்ப் பாடி, கூட்டம் சேர்ந்து, டிவியில் வந்து, நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். எங்கள் பனியன் போய் இறங்கியது. வாங்கிப் போட்டுக்கொண்ட பெண்பிள்ளைகள் நடுவில் நிற்பவன் யார் என்று கேட்டார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் ஓடினார்கள். வெஸ்லி முதலில் சிரித்தான், அப்புறம் மீசையைச் சீவிக்கொண்டான், அப்புறம் எனக்கும் ஒரு மைக் வையுங்கள் என்றான். பிராண்டன் முதலில் சிரித்தான், அப்புறம் டிரம்ஸை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னான், அப்புறம் ஒரு ஏரிக்கரைப் பட்டணத்தில் பாதிப் பாட்டில் திரும்பி மைக்கைக் கம்பியோடு பிடுங்கி வெஸ்லிமேல் எறிந்தான். இரண்டு பேரும் உருண்டார்கள், மற்ற இரண்டு பேரும் வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான் அந்தக் குழுவின் வாழ்வு. ஒரு நல்ல பனியன் சாயம் போகிற காலம்கூட அது தாங்கவில்லை.

விற்காத பனியன்களைப் பெட்டியோடு எங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனி குடோனில் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே நாலு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பனியனிலும் அதே நாலு பேர், அதே சண்டை, மீசைக்காரன் நடுவிலிருந்து கையை நீட்டிப் பேசுகிறான், சுருட்டை மூலையிலிருந்து எக்கி எக்கித் திட்டுகிறான், கிட்டார்க்காரனும் பியானோக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். கப்பலில் வந்த அத்தனை தூரமும் இப்படியேதான் வந்திருப்பார்கள் போலிருக்கிறது, தொண்டை கட்டியிருந்தது. கம்பெனி மேனேஜர் ஒரு பனியனை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். "சாயம் போகல. செகண்ட்ஸ்ல தள்ளிவிடுங்க," என்றார்.

செகண்ட்ஸ் என்றால் பழுது என்று ஒதுக்கிய சரக்கு, காதர்பேட்டையில் குவித்து வைத்துக் கூவி விற்பார்கள். ஊரே அள்ளிக்கொண்டு போனது. பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், துணி நல்ல துணி, தோய்த்தால் சுருங்காது, வேர்வையை உறிஞ்சும் என்றுதான் வாங்கினார்கள். நாள் முழுக்கத் தறிச் சத்தத்திலும் தையல் மெஷின் சத்தத்திலும் இருக்கிற ஜனம், நெஞ்சில் நாலு பேர் முணுமுணுத்தால் என்ன ஆகிவிடப்போகிறது? பெண்கள் அந்தப் பனியன்களை உள்பக்கம் வெளியே வருகிறமாதிரி திருப்பிப் போட்டுத் துவைக்கப் பழகினார்கள், இல்லாவிட்டால் கண்ணில் சோப்புப் பட்டு நாலு பேரும் கத்துவார்கள். கொடியில் காயப்போட்டால் பக்கத்துப் பனியனோடு எட்டிச் சண்டைக்குப் போகும் என்று நடுவில் ஒரு பாவாடையையோ துண்டையோ தொங்கவிட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர்கள் மேலே ஒரு சட்டை போட்டுக்கொண்டு ஏறச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் அடியில் 'பேசும் பனியன் தவிர்க்கவும்' என்று அச்சடித்தார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளில் அந்தச் சண்டையின் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தைகள், பனியனைத் துவைக்கப் போட்ட நாளில் தூங்காமல் வீறிட்டு அழுதன. பனியனில் யார் ஏன் பேசுகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்ன பேசுகிறார்கள் என்றுதான் கேட்டார்கள்.

அதற்குப் பிரிசில்லா டீச்சரைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவர், பிள்ளைகளெல்லாம் புதுசு புதுசாகக் கெட்ட வார்த்தை பேசுகின்றன என்று ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தார். அந்தப் பனியனைப் போட்டிருந்த மளிகைக்கடை ரங்கசாமியின் நெஞ்சுக்கு அருகில் காதை வைத்து, கூச்சத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, முழுசாகக் கேட்டார். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"கெட்ட வார்த்தையையும் பழங்கதையையும் எடுத்துட்டா மிச்சம் ஒண்ணுதான் இருக்குது," என்றார். "யாரு நடுவுல நிக்கறதுன்னு சண்டை."

அட, இவ்வளவுதானா என்று எல்லோருக்கும் மனசு குளிர்ந்துபோனது. இந்தச் சண்டை எங்களுக்குத் தெரியாத சண்டையா? கோயில் மரியாதை யாருக்கு முதலில், கல்யாண மேடையில் எந்த மாமன் பொண்ணுக்குப் பக்கத்தில், போஸ்டரில் யார் படம் மேலே என்று மண்டையை உடைத்துக்கொண்டு வளர்ந்த ஊர். வெள்ளைக்காரனும் நம்மாள்தான் என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் சுருட்டை கட்சி ஒன்று, மீசை கட்சி ஒன்று என்று ஊர் இரண்டாகிவிட்டது. அந்தப் பாட்டை ஒருத்தரும் கேட்டதில்லை, பனியன்கள் ஒரு நாளும் பாடியதில்லை, சண்டை மட்டும்தான் போட்டன. அந்தச் சண்டைக்கே மன்றம் வைத்தார்கள், கட்-அவுட் வைத்தார்கள், பால் ஊற்றினார்கள். சுருட்டை கட்சிக்காரர்கள் தங்கள் பனியனில் மீசைக்காரன் வாயில் பிளாஸ்திரி ஒட்டினார்கள், மீசை கட்சிக்காரர்கள் சுருட்டை வாயில் ஒட்டினார்கள். டீக்கடைகள் பிரிந்தன, நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றது, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எதிரெதிர்ப் பக்கம் காறித் துப்பிக்கொண்டு நடந்தார்கள். கிட்டார்க்காரனுக்கும் பியானோக்காரனுக்கும் மட்டும் ஆள் சேரவில்லை. சும்மா நிற்கிறவனுக்கு எங்கள் ஊரில் என்றைக்கு ஆள் சேர்ந்தது?

மீசை கட்சிக்கு என் வீட்டுக்காரர்தான் தலைவர். அவரைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். மூலையில் கிடந்தவனை நடுவுக்குக் கொண்டுவந்த மகராசன் என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் இவர் படம் நடுவில். இவரும் மீசையை வெஸ்லி மாதிரியே கத்தரித்து, கருப்புச் சாயம் பூசிக்கொண்டார். அந்தப் பனியனை உடம்பை விட்டுக் கழற்றுவதில்லை, குழாயடியில் அதோடுதான் குளிப்பார்.

ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னேன். "ஏனுங்க, பாடறவன் முன்னால நிக்கோணும், மேளம் அடிக்கறவன் பின்னால ஒக்காந்துதான அடிக்கோணும்? கோயில்லயும் அப்படித்தானுங்க."

அவர் கை தட்டில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், கட்சி மாறிப்போனவனைப் பார்க்கிற பார்வை. எழுந்தார், கையைக் கழுவினார், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். போனவர் போனவர்தான், அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. பட்டறைக்கே போய்க் கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், அவர் அக்காவைக் கூட்டிவந்து பேசச்சொன்னேன், பச்சைப்புளி ரசமும் கொள்ளுப் பருப்பும் வைத்து அனுப்பினேன். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி அனுப்புவார், பேச்சு மட்டும் வராது. ஊர்க்காரர்கள் அவரிடம் பேசினால் சிரித்துச் சிரித்துப் பேசுவார், நான் உள்ளே நுழைந்தால் சாயம் கலக்குகிற வாளிக்குள் குனிந்துகொள்வார். அவர் நெஞ்சிலிருந்து அந்த மீசைக்காரன் இங்கிலீஷில் என்னைப் பார்த்து என்னவோ சொல்வான், அவனிடமாவது திருப்பிப் பேசுவேன், போடா நாயே என்று. 'உங்கூட்டுக்காரரு பேசறாருங்களா அக்கா' என்று பைப்படியில் பெண்கள் யாராவது கேட்டால் 'பேசாம என்ன' என்பேன். ஒரு வார்த்தைக்கு நான் அப்படி ஏங்கினேன். திட்டுகிற வார்த்தையாக இருந்தாலும் சரி, என் அப்பனை இழுத்துப் பேசினாலும் சரி, அந்தத் தொண்டையிலிருந்து எனக்கென்று ஒன்று வந்தால் போதும் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் வெஸ்லி வரப்போகிறான் என்று கிருபாநிதி சேதி கொண்டுவந்தான். பனியன் அடித்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று போன் பண்ணினானாம், வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். வேறென்ன சொல்ல வேண்டும் என்று மீசை கட்சி தானே முடிவு கட்டிக்கொண்டது. ஆளாக்கினவனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறான், இனிமேல் சென்னிமலை அண்ணன் அமெரிக்காவில்தான், அங்கே வெஸ்லி தனியாகக் குழு வைத்திருப்பான், அண்ணன் அதற்குப் பட்டறை போடுவார் என்றார்கள். அவரும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். ஒரு பை வாங்கி, அதில் வேட்டி துண்டெல்லாம் மடித்து வைத்தார். இதையும் நான் மளிகைக்கடையில்தான் கேள்விப்பட்டேன். பேசாமல் பட்டறையில் கிடக்கிறவரையாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம், கடல் தாண்டிப் போய்விட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்?

அவன் வந்த அன்றைக்கு எங்கள் வீதியில் நிற்க இடமில்லை. மீசை கட்சி ஒரு பக்கம் தாரை தப்பட்டையோடும் ஆளுயர மாலையோடும் நின்றது, எதிர்ப்பக்கம் சுருட்டை கட்சி கருப்புக் கொடி பிடித்துக்கொண்டு நின்றது, இரண்டு பக்கத்து நெஞ்சுகளிலும் பனியன்கள் கத்திக்கொண்டிருந்தன. கோயமுத்தூரிலிருந்து வந்த டாக்சி நின்று அவன் இறங்கினான். இளைத்து, கன்னம் ஒட்டி, மீசையை எடுத்துவிட்டிருந்தான்; அவன்தான் என்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பனியன்களுக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பனியன்களும் ஒரே நேரத்தில் சத்தத்தை நிறுத்தின. அத்தனை சுருட்டைமுடிக்காரன்களும் மூலையில் இருந்தபடியே திரும்பி அவனுக்கு முதுகைக் காட்டினார்கள்.

வெஸ்லி தப்பட்டைக்காரர்களைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற ரங்கசாமியின் நெஞ்சருகில் குனிந்து, மூலையில் தெரிந்த அந்தக் கட்டைவிரல் அளவு முதுகையே பார்த்தான். அவன் விரல்கள் டாக்சிக் கதவில் மெதுவாகத் தட்டின, நிறுத்தின, காத்திருந்தன, மறுபடி தட்டின. அந்தத் தோள் அசையவில்லை. நிமிர்ந்து, இந்தப் பனியனை அடித்தது யார் என்று கேட்டான். பிரிசில்லா டீச்சர் தமிழில் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தார். எனக்கு ஒரு முழ தூரத்தில்தான் நின்றார், என் பக்கம் திரும்பவில்லை.

"எதுக்கு என்னை நடுவுல வெச்சீங்கன்னு கேக்கறாருங்க," என்றார் டீச்சர்.

"உங்க தகுதிக்கு மூலைல நிக்கலாமுங்களா?" என்றார் இவர். அவர் குரலை அத்தனை பக்கத்தில் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

டீச்சர் சொன்னதைக் கேட்டு அந்தப் பையன் நிறைய நேரம் பேசினான். சத்தமாகப் பேசவில்லை. டீச்சர் பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சின்னப் புள்ளைல இருந்து இவரு அந்தப் பாடறவரு முதுகப் பாத்துத்தான் அடிப்பாராம். அவரு தோளு அசையறத வெச்சுத்தான் இவருக்குப் பாட்டே தெரியுமாம். பின்னால இருக்கறதுதான் இவருக்குப் பிடிச்ச எடமாம். நீங்க பண்ணுன பனியனால அவரு ஒருநா திரும்பி இவரு மொகத்தப் பாத்துட்டாராம். அதுக்கப்புறம் எதுத்த வீட்டுல இருந்துட்டே பேசறதில்லையாம்."

எதிர் வீட்டில் இருந்துகொண்டே பேசுவதில்லை என்று கேட்டதும் எனக்கு அந்தப் பையன்மேல் முதல்முறையாக ஒரு இரக்கம் வந்தது. அடப்பாவி, உனக்கும் அதேதானா என்று நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏதோ நன்றி சொல்கிறான் என்பதுபோல் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பரவால்லீங்க. போலாமுங்களா?" என்றார்.

வெஸ்லி அவரை ஓங்கி ஒரு அறை விட்டான்.

அத்தனை கூட்டமும் மரம்போல் நின்றது, அவருக்காக உயிரைக் கொடுப்போம் என்ற மீசை கட்சியில் ஒருத்தன் காலை எடுத்து வைக்கவில்லை. நான் வைத்தேன். என்னோடு பேசாத மனுசன்தான், என்னை அனாதையாக விட்டுவிட்டுக் கப்பலோ பிளேனோ ஏறப்போகிற மனுசன்தான், அவரை நானே நாலு அறை அறையலாம் என்று எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆனால் இன்னொருத்தன் கை அந்தக் கன்னத்தில் பட்டபோது எனக்குக் கண் மண் தெரியவில்லை. போய் அந்த வெள்ளைக்காரனை அவன் அறைந்ததைவிட ஓங்கி அறைந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசினார்.

"அவர எதுக்குடி அடிச்சே?" என்றார்.

அவர் கன்னத்தில் அவனுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தது. அந்தக் கன்னத்தோடு, என்னை எரித்துவிடுகிறமாதிரி பார்த்துக்கொண்டு, அவனுக்காக என்னிடம் கேட்டார். இத்தனை நாள் காத்திருந்து காத்திருந்து எனக்கென்று வந்த வார்த்தை அது. அது என்னைச் சுட்டதுபோல் எதுவும் சுட்டதில்லை.

வெஸ்லி டாக்சியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இவர் பின்னால் ஓடினார். வீதி திரும்புகிற இடம்வரை அவர் செருப்புச் சத்தம் கேட்டது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மன் கோயிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பனியன்களில் அன்றையிலிருந்து பேச்சில்லை. நடுவில் மீசைக்காரன் இருந்த இடம் வெளுத்துப்போய்விட்டது, மூலையில் சுருட்டை திரும்பாமல் நிற்கிறான், மற்ற இரண்டு பேரும் மெதுவாகக் கண்ணைத் திறந்து வெள்ளையாகக் கிடக்கிற அந்த நடுவிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேசாத பனியனை வைத்துக் கட்சி நடத்த முடியாதென்று கொடிகளை இறக்கிவிட்டு, மெஷின் துடைக்கிற துணியாக அவற்றைக் கிழித்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் வேறு சண்டைக்குப் போய்விட்டது.

அவர் பொழுதோடு திரும்பி வந்தார். நான் கதவைத் தாழ் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் பட்டறைக்குப் போகவில்லை, நேராக வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்.

"மயிலா," என்றார். "கதவத் தொற."

கேட்டேன். நன்றாகக் கேட்டது. நடந்து நடந்து செருப்பறுந்த கதையைச் சொன்னார், பல்லடம் ரோடுவரை ஓடினேன் என்றார், தாகமாக இருக்கிறது என்றார், ரசம் வைத்திருக்கிறாயா என்றார், அன்றைக்குச் சோறு போடும்போது நீ சொன்னதில் நியாயம் இருக்கலாம் என்றுகூடச் சொன்னார். எத்தனையோ நாள் நான் ஏங்கிக் கிடந்த குரல், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு, கதவைக் கையளவு திறந்து, வாசலில் வைத்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டேன். குடித்துவிட்டுச் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு வார்த்த பேசு மயிலா," என்றார்.

நான் பேசவில்லை. இன்றுவரைக்கும் பேசவில்லை.